மரக்கட்டைக்கு 2,300 ரூபாயா? கீபோர்டு ஆசையோட முழுக் கணக்கு

பதினாலு இன்ச் நீளம், மூணு இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம். வழவழன்னு தேய்ச்சு எண்ணெய் பூசின ஒரு மரத்துண்டு. அடியில நாலு ரப்பர் பொட்டு. விலை 2,300 ரூபாய். கொரியர் தனி.

மெக்கானிக்கல் கீபோர்டுக்கு முன்னாடி கை வச்சுக்கற ரிஸ்ட் ரெஸ்ட்தான் இது. வீடியோவுல இதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஒதுக்க முடிஞ்சது. அதை ஆபீஸ்ல யார்கிட்ட காட்டினாலும் ஒரே பதில்தான் வருது: "இந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு ஸ்டூலே செஞ்சு கொடுப்பாங்க ப்ரோ!" நியாயமான கேள்விதான். அதனால இன்னைக்கு அந்த மரத்துண்டையே பிரிச்சுப் போட்டு கணக்குப் பார்ப்போம். அப்புறம் அதுக்குப் பின்னாடி இருக்கிற பெரிய செலவுக்கு வருவோம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். "தினமும் டீ குடிக்கறத நிறுத்தினா 60 வயசுல கோடீஸ்வரன்" டைப் கட்டுரை இது இல்ல. சம்பாதிக்கிற காசுல ஒரு ஆசைக்கு இடம் இருக்கணும்ங்கிற கட்சி நான். அந்த இடத்துக்கு எவ்வளவு வாடகை கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பைத்தியம்?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. சாதாரண கீபோர்டுல எல்லா பட்டனுக்கும் கீழ ஒரே ரப்பர் ஷீட்தான் இருக்கும். மெக்கானிக்கல்ல ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியோட செர்ரி கம்பெனி 1980-கள்ல கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்னைக்கும் அச்சு. சிவப்புன்னா சத்தமில்லாம நேரா இறங்கும், பிரவுன்னா நடுவுல ஒரு சின்ன தட்டு தட்டும், நீலம்னா பக்கத்து சீட்காரர் உங்களை முறைப்பார். அந்த காப்புரிமை காலாவதியானதும் கேட்டரான், கெய்ல் மாதிரி சீன கம்பெனிகள் அதே அச்சுல ஸ்விட்ச் போட ஆரம்பிச்சாங்க. விலை சரசரன்னு இறங்குச்சு. நம்ம ஊர்ல 3,000 ரூபாய்க்குள்ள நல்ல கீபோர்டு கிடைக்குதுன்னா காரணம் அதுதான்.

இந்த உலகத்துல அடிக்கடி சொல்லப்படுற ஒரு குதிரைக் கதை இருக்கு. 1996-ல ஜப்பான்ல ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டுன்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்த பேராசிரியர் எய்ச்சி வாடா சொன்ன விளக்கம் இது: அமெரிக்க கௌபாய், குதிரை செத்தா அதை விட்டுட்டு வருவான், ஆனா சேணத்தை தோள்ல போட்டுக்கிட்டு வருவான். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி, மாறிக்கிட்டே இருக்கும். கீபோர்டு சேணம் மாதிரி, கூடவே வரும். அதனால அதுக்குக் காசு போடலாம்.

அருமையான வாதம், பைனான்ஸ் பார்வையிலும் சரியான வாதம். 6,000 ரூபாய் கீபோர்டு அஞ்சு வருஷம் உழைச்சா, வருஷத்துக்கு 240 வேலை நாள்னு வச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு அஞ்சு ரூபாய். நாள் முழுக்க விரல் படற பொருளுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா அந்தக் கதையில சேணம் ஒண்ணுதான். நம்ம பசங்க ரூம்ல ஏழு சேணம் தொங்குது, குதிரை ஆபீஸ் கொடுத்த லேப்டாப்.

சரி, அந்த மரத்துண்டு

பதினாலு, மூணு, முக்கால். பெருக்கினா 31.5 கன இன்ச். ஒரு கன அடின்னா 1,728 கன இன்ச். அதாவது ஒரு கன அடி மரத்துல பேப்பர் கணக்குப்படி 54 துண்டு வரணும். நிஜத்துல வராது. ரம்பம் ஓடற இடத்துல கொஞ்சம் தூளாப் போகும், இழைக்கும்போது கொஞ்சம் போகும், கணு வந்த இடம், வெள்ளை விழுந்த இடம் எல்லாம் கழிஞ்சு போகும். 25 துண்டு தேறும்னு வைங்க. நல்ல தேக்கு கன அடி 5,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, ஒரு துண்டுக்கு மரம் மட்டும் 200 ரூபாய்.

"பார்த்தீங்களா! 200 ரூபாய் பொருளை 2,300-க்கு விக்கறான்"னு எழுந்துடாதீங்க. உக்காருங்க, இன்னும் இருக்கு.

அறுத்து, இழைச்சு, முன்பக்கம் கொஞ்சம் சரிவு கொடுக்கணும். அந்த சரிவு இல்லைன்னா முனை கையில குத்தும். அப்புறம் உப்புத்தாள். 120-ல ஆரம்பிச்சு 180, 240, 320-னு ஏறணும். நடுவுல ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சா மரத்தோட நார் எழுந்துக்கும், காய விட்டு மறுபடி தேய்க்கணும். இதைச் செய்யாம விட்ட ரெஸ்ட், முதல் வெயில் காலத்துல உங்க கை வியர்வை பட்டதும் சொரசொரன்னு ஆகிடும். அப்புறம் எண்ணெய் ரெண்டு மூணு கோட், ஒவ்வொண்ணுக்கும் காயற நேரம். மொத்தம் கை வேலை மூணு மணி நேரம். தச்சு வேலைக்கு நாள் கூலி 1,200-னு எடுத்தா மணிக்கு 150, ஆக 450 ரூபாய்.

உப்புத்தாள், எண்ணெய், ரப்பர் பொட்டு 120. பேக்கிங், கடை வரைக்கும் கொண்டு போற செலவு 150. பத்துல ஒண்ணு வளைஞ்சோ வெடிச்சோ போகும், அந்த நஷ்டத்துக்கு 100. இடத்து வாடகை, மெஷின் தேய்மானம், கரண்ட், போட்டோ எடுக்கறது, பேமென்ட் கேட்வே கமிஷன், "ப்ரோ 65 சதவீத கீபோர்டுக்கு செட் ஆகுமா"ங்கிற கேள்விக்கு நாப்பது தடவை பதில் சொல்றது, இதுக்கெல்லாம் ஒரு 480. கூட்டிப் பாருங்க: 1,500.

மிச்சம் 800. மாசம் 20 பீஸ் வித்தா 16,000, கூடவே தன் கூலி 9,000. இருபத்தஞ்சாயிரம். இது நான் போட்ட உத்தேசக் கணக்குதான், கடைக்குக் கடை மாறும். ஆனா அளவு புரியுதில்ல? கையால செஞ்சு விக்கிற அந்த மனுஷன், வாங்கற உங்களை விட கம்மியாத்தான் சம்பாதிக்கறார். 2,300 கொள்ளை இல்ல. 900 ரூபாய்க்கு "ஒரிஜினல் வால்நட்"னு வருதே, அதைப் பார்த்துதான் சந்தேகப்படணும்.

அதுல பாதி ரப்பர் மரத்துல வால்நட் கலர் ஏத்தினதா இருக்கும். மீதி எம்டிஎஃப் பலகை மேல மெல்லிசா ஒரு மரத்தோல் ஒட்டினதா இருக்கும். கண்டுபிடிக்கிற வழி ஒண்ணு சொல்றேன்: மேல ஓடற ரேகை, ஓரத்துல திரும்பி பக்கவாட்டுலயும் முனையிலயும் தொடரணும். முனையில ரேகையே இல்லாம மண்ணு மாதிரி இருந்தா அது பலகை. விக்கிறவங்க கிட்ட முனையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நல்ல ஆள்னா சந்தோஷமா அனுப்புவார்.

இன்னொரு ஜப்பான் உதாரணம். ஃபில்கோன்னு புகழ்பெற்ற கீபோர்டு பிராண்ட், மர ரிஸ்ட் ரெஸ்டும் போட்டு வித்தாங்க. அதை நடத்தின டயடெக் கம்பெனி 2024 ஏப்ரல்ல மொத்தமா மூடிட்டாங்க. ரசிகர்கள் கொண்டாடின பேர்தான், இருந்தும் நிக்கல. இந்தத் தொழில்ல லாபம் கொட்டுதுன்னு நினைக்கறவங்களுக்காகச் சொன்னேன்.

வெளிநாட்டுல இருந்து வாங்கினா?

அங்கதான் விலை கண்ணுக்குத் தெரியாம ஏறும். மரம் கனமான பொருள், அதனால ஷிப்பிங்கே பல சமயம் பொருள் விலைக்குப் பக்கத்துல வந்துடும். சுங்க வரி பொருளோட விலைக்கு மட்டும் போடறதில்ல, ஷிப்பிங்கையும் சேர்த்த தொகைக்குப் போடுவாங்க. அந்த வரியையும் சேர்த்த தொகை மேல ஐஜிஎஸ்டி. கொரியர் கம்பெனி கிளியரன்ஸ் கட்டணம்னு ஒரு சீட்டு நீட்டும். உங்க கிரெடிட் கார்டு, வெளிநாட்டு கரன்சிக்கு மாத்தினதுக்கு மார்க்அப் எடுக்கும், அந்த மார்க்அப்புக்கு 18% ஜிஎஸ்டி. 30 டாலர்னு பார்த்து கிளிக் பண்ணினது, கதவைத் தட்டும்போது வேற நம்பரா இருக்கும்.

ரோஸ்வுட்ல ஆசை இருந்தா இன்னும் கவனம். நம்ம ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா வகை முழுக்க 2017-ல இருந்து சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. சின்ன பொருளுக்கு அப்புறம் தளர்வு வந்துச்சு. இருந்தாலும் பேப்பர் இல்லாம ரோஸ்வுட்னு எழுதி வர்ற பார்சல் கஸ்டம்ஸ்ல தூங்கினா எழுப்பறதுக்கு உங்களுக்கு லீவு பத்தாது.

ஒரு தம்பி அனுப்பின எக்செல் ஷீட்

சென்னை ஓஎம்ஆர்ல ஐடி வேலை, மூணு வருஷ அனுபவம், கையில வர்ற சம்பளம் 38,400. பேர் வேண்டாம். "அண்ணா, நான் தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது, ஒரே ஒரு ஹாபிதான், ஆனாலும் காசு நிக்க மாட்டேங்குது"ன்னு எழுதி, 14 மாசக் கணக்கை அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோட போடறேன்.

முதல் கீபோர்டு 8,500. ஸ்விட்ச் மாத்தினது 2,400. அதுக்கு லூப், பிரஷ் 900. கீகேப் செட் 4,200. "வீட்டுக்கு ஒண்ணு"ன்னு ரெண்டாவது கீபோர்டு 12,000, இஎம்ஐ-ல. வால்நட் ரிஸ்ட் ரெஸ்ட் 2,300. கீபோர்டு வைக்க மர ட்ரே 3,800. எஸ்கேப் கீக்கு மட்டும் கையால செஞ்ச ஒத்தை கீகேப் 4,500. ஒரு குரூப் பை-க்கு முன்பணமா முழுத்தொகை 9,000, பொருள் இன்னும் வரல. மொத்தம் 47,600. மாசத்துக்கு 3,400.

சம்பளத்துல ஒன்பது சதவீதம் கூட இல்ல. தனியாப் பார்த்தா பயப்பட ஒண்ணுமே இல்லாத நம்பர். ஆனா அதே ஷீட்டோட அடுத்த பக்கத்துல எஜுகேஷன் லோன் 3.2 லட்சம், 10.5% வட்டி. சேவிங்ஸ்ல 11,000. அப்பாவுக்கு மாசம் 8,000 அனுப்பறார். இப்போ ப்ராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல இருக்கார், ரெண்டு மாசத்துல என்ன ஆகும்னு அவருக்கே தெரியாது. அதனாலதான் மெயிலே வந்துச்சு.

விக்கலாம்னு பார்த்திருக்கார். கீபோர்டு ரெண்டுக்கும் பாதி விலைக்கு மேல ஆள் வந்துட்டாங்க. ட்ரேயும் ரிஸ்ட் ரெஸ்டும் யாரும் சீண்டல. ஏன்னா அது அளவு பார்த்துச் செஞ்சது. 60% கீபோர்டுன்னா கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், நம்பர் பேட் இல்லாத டிகேஎல்-னா 36, முழு சைஸ்னா 44. ஒண்ணுக்குச் செஞ்சது இன்னொண்ணுக்குப் பொருந்தாது. கைவேலைப் பொருளோட மதிப்பு அதை யாருக்குச் செஞ்சாங்களோ அவங்ககிட்டதான் இருக்கு. மறுவிற்பனைன்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது.

இந்தப் பட்டியல்ல எது தப்புன்னு கேட்டா, எல்லாரும் மரக்கட்டையைத்தான் காட்டுவாங்க. நான் அதைக் காட்ட மாட்டேன். தினமும் கை படுது, பத்து வருஷம் தாங்கும், விலை நியாயம். எனக்கு உறுத்தறது மூணு.

முதல்ல அந்த 9,000. குரூப் பை-ன்னா என்ன? பொருள் தயாரிக்கறதுக்கு முன்னாடியே பல பேர்கிட்ட முழுக் காசையும் வாங்கி, அதை வச்சு ஃபேக்டரியில ஆர்டர் போடறது. நல்ல கீகேப் செட்டுக்கு ஒரு வருஷம் காத்திருக்கறது இந்த உலகத்துல சாதாரணம். அந்த ஒரு வருஷம் நீங்க கஸ்டமர் இல்ல, கடன் கொடுத்தவர். வட்டி இல்லாம, அடமானம் இல்லாம, கையெழுத்து இல்லாம. கடையை மூடினா வரிசையில கடைசி ஆள் நீங்கதான். வெளிநாட்டுல இப்படி மூடின கடைகள் உண்டு, காத்திருந்தவங்க காத்திருந்தபடியே நின்னுட்டாங்க. எமர்ஜென்சி ஃபண்ட் 11,000 வச்சிருக்கறவர், முகம் தெரியாத ஒரு கடைக்கு 9,000 கைமாத்து கொடுத்திருக்கார்னு படிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, "நோ காஸ்ட்" இஎம்ஐ. 12,000 ரூபாய், ஆறு மாசம், மாசம் 2,000. வட்டி 15%-னா அதுக்குள்ள சுமார் 508 ரூபாய் வட்டி ஒளிஞ்சிருக்கு. கடை அதை டிஸ்கவுண்ட்டா கழிச்சுடும், சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 91 ரூபாய் உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 326 ரூபாய் செலவு. பெரிய காசு இல்ல, பேர்தான் பொய். இதைவிட மோசமானது, "மாசம் ரெண்டாயிரம்தானே"ன்னு ரெண்டாவது கீபோர்டை மனசு ஒத்துக்கிட்டது. ரெண்டு கீபோர்டு இருந்தாலும் கை ரெண்டுதான். முதல் கீபோர்டோட ஒரு நாள் செலவு குறையும்னு சொன்னேனே, ரெண்டாவது வந்ததும் அந்தக் கணக்கு ரெண்டுக்குமே கெட்டுப்போச்சு.

மூணாவது, 4,500 ரூபாய் ஒத்தை கீகேப். இதை விக்கிற விதம்தான் எனக்கு சுவாரசியம். குலுக்கல் நடத்துவாங்க. ஜெயிச்சா பரிசு கிடைக்காது. காசு கொடுத்து வாங்கற உரிமை கிடைக்கும்! பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆன சந்தோஷம் வரும், அந்த சந்தோஷத்துல விலை தெரியாது. செய்யறவங்க உழைப்பைக் குறை சொல்லல. குலுக்கல்ல பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி, "இது கடையில அடுக்கி வச்சிருந்தா 4,500 கொடுப்பேனா"ன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.

கோவணமும் பூனையும்

கோவணத்தை எலி கடிக்குதுன்னு பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்கு மாடு வாங்கி, மாட்டுக்கு ஆள் வச்சு, கடைசியில சம்சாரி ஆன சாமியார் கதை நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சொல்லியிருப்பாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 18-ம் நூற்றாண்டுல இதையே வேற மாதிரி எழுதினார்: புது அங்கி வந்ததும் பழைய மேஜை, நாற்காலி எல்லாம் மட்டமாத் தெரிய ஆரம்பிச்சுதுன்னு. பொருளாதாரப் புத்தகங்கள்ல திதரோ விளைவுன்னு பேரே வச்சுட்டாங்க. மரப் பொருளுக்கு இந்தக் குணம் ரொம்ப ஜாஸ்தி. பிளாஸ்டிக் பக்கத்துல பிளாஸ்டிக் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. வால்நட் ரெஸ்ட் வந்த அன்னைக்கு கீழ இருக்கற 1,800 ரூபாய் மேஜை அசிங்கமாத் தெரியும். தம்பி ஷீட்டுலயும் பாருங்க, ரெஸ்ட் வந்து 20 நாள்ல ட்ரே வந்திருக்கு.

அவருக்கு என்ன சொன்னேன்?

ரெண்டாவது கீபோர்டை விக்கச் சொன்னேன். வர்ற காசு நேரா சேவிங்ஸுக்கு, லோனுக்கு இல்ல. 10.5% லோனை முன்கூட்டி அடைக்கறது பேப்பர்ல நல்ல முடிவுதான், 47,600 அங்க போயிருந்தா வருஷத்துக்கு சுமார் 5,000 வட்டி மிச்சம். ஆனா வேலை ஆடிக்கிட்டிருக்கும்போது லோன்ல போட்ட காசை திரும்பக் கேட்க முடியாது. முதல்ல மூணு மாசச் செலவு கையில இருக்கணும். குரூப் பை-க்கு ரீஃபண்ட் கேட்டு மெயில் போடச் சொன்னேன், கிடைச்சா லாபம். முதல் கீபோர்டையும் ரிஸ்ட் ரெஸ்டையும் தொட வேண்டாம்னுட்டேன். வேலை தேடற நேரத்துல அதுதான் அவருக்கு உக்கார்ற இடம்.

வேலை நிலைச்சப்புறம் மாசம் 1,000 தனி அக்கவுன்ட்ல போடலாம், ஹாபி காசு அது மட்டும்தான். 3,800 ரூபாய் ட்ரே வேணும்னா நாலு மாசம் காத்திருக்கணும். அந்த நாலு மாசத்துல பாதி ஆசை தானா ஆறிடும், ஆறாதது நிஜமான ஆசை.

நீங்க வாங்கப் போறீங்கன்னா

முதல்ல ஒரு துண்டை மடிச்சு கீபோர்டு முன்னாடி வைங்க, கீபோர்டோட முன் விளிம்பு உயரத்துக்கு. பத்து நாள் அப்படியே வேலை பாருங்க. பழைய துண்டு, செலவு பூஜ்யம். கை நிம்மதியா இருந்தா உங்களுக்கு ரெஸ்ட் தேவை, எந்த உயரம்னும் தெரிஞ்சிடும். லோ ப்ரொஃபைல் கீபோர்டா இருந்தா பெரும்பாலும் தேவைப்படாது. இன்னொண்ணு, பேர் ரிஸ்ட் ரெஸ்டா இருந்தாலும் வைக்க வேண்டியது உள்ளங்கையோட அடிமேட்டை, அதுவும் டைப் அடிக்காம நிறுத்தற நேரத்துல. மணிக்கட்டுக்கு நடுவுல நரம்பு ஓடுது, கட்டையான மரத்துல அதை எட்டு மணி நேரம் அழுத்தி வச்சா காசு கொடுத்து வலி வாங்கின கதைதான். ஏற்கனவே வலி இருந்தா மரம் தேடாதீங்க, டாக்டரைப் பாருங்க.

எந்த சைஸ் கீபோர்டுல நிலைச்சிருக்கீங்கன்னு ஆறு மாசம் பார்த்துட்டு மரத்துக்குப் போங்க. லேஅவுட் முடிவாகாம வாங்கற ரெஸ்ட், மாப்பிள்ளை பார்க்காம தைச்ச சட்டை.

பக்கத்துல தெரிஞ்ச தச்சர் இருந்தா அவர்கிட்டயே கேட்கலாம். வாசக்கால் வேலை முடிஞ்சு கிடக்கற வெட்டுத்துண்டு போதும். பச்சை மரம் வேண்டாம், கொஞ்ச நாள்ல வளைஞ்சிடும். பழைய வீடு இடிச்ச உத்தரம், நிலை கிடைச்சா அதுதான் ராஜா. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பக்கம் போனா செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த மரச் சாமானைப் பார்க்கலாம், வைரம் பாய்ஞ்ச தேக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கவாவது ஒரு தடவை போங்க. அளவை பேப்பர்ல வரைஞ்சு கொடுங்க: நீளம், அகலம், பின்பக்க உயரம், முன்பக்க உயரம். வாயால சொன்னா வாசப்படி சைஸ்ல வரும். பளபளன்னு மெலமைன் பாலிஷ் போட்டுக் கொடுப்பாங்க, வேண்டாம்னு சொல்லி எண்ணெய் மட்டும் பூசச் சொல்லுங்க. நீங்களே ஆளிவிதை எண்ணெய் பூசறதா இருந்தா, துடைச்ச துணியை சுருட்டி குப்பைக் கூடையில போடாதீங்க, அது தானா சூடேறி தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

அவர் அரை நாள் செலவழிச்சிருந்தா அரை நாள் கூலியும் மரக் காசும் கொடுங்க. "சின்னத் துண்டுதானேண்ணே"ன்னு பேரம் பேச வேண்டாம். மேல போட்ட கணக்கு அவருக்கும் பொருந்தும்.

அடுத்த வீடியோ எஜுகேஷன் லோனை முன்கூட்டி அடைக்கறதா, எஸ்ஐபி போடறதாங்கிறது பத்தி. தம்பியோட ஷீட்டையே அதுலயும் எடுத்துக்கப் போறேன். இன்டர்வியூ ரெண்டு ரவுண்டு முடிஞ்சிருக்காம், மூணாவது வெள்ளிக்கிழமை.